கடைசிக் கூறு

1

பால்மாவு அடிப்பிடிக்கிற வாசனை. பசும்பால் தீய்ந்தால் அதில் ஒரு வீட்டு வருத்தம் இருக்கும். இது தீய்ந்தால் ஈரத்துணி கருகுகிற மாதிரி, ஆளில்லாத அறையில் யாரோ எதையோ எரிக்கிற மாதிரி. கொழும்பில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கூடத்தின் பின்கட்டில், எழுத்துக் கோக்கும் பியசேனா தேத்தண்ணிக்காக மண்ணெண்ணெய் அடுப்பில் மாப்பாலைக் கரைத்து வைத்துவிட்டு மறந்துபோய்விட்டார். என் கையில் சவர்க்கார விளம்பரம் ஒன்றின் பிழை திருத்தும் தாள். நம் ஊரில் சோப்பு என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சவர்க்காரத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைப் போடப் போன பேனா அந்தரத்தில் நின்றது.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்த பியசேனா என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். போன வருஷம் என்னையும் என் மகளையும் அச்சுக்கூட வேனில் காகிதக் கட்டுகளுக்கு அடியில் படுக்கவைத்து, நகரத்தைக் கடந்து முகாம் வாசலில் இறக்கிவிட்ட மனிதர் அவர். அவருக்குப் பொய் சொல்லக் கூடாது. நன்றாக இருக்கிறாள் என்றேன். இந்த ஒரு வாக்கியம் மட்டும் எனக்கு எந்த மொழியிலும் பிழையில்லாமல் வருகிறது.

என் மேசை இழுப்பறையில் கறுப்பு நிறத் தலைக்கிளிப் ஒன்று கிடக்கிறது. பென்சில் தேடினால் அதுதான் முதலில் விரலில் படும்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, போன வருஷம், ஐம்பத்தெட்டில், இங்கே கலவரம் நடந்ததும், தமிழர்களைப் பள்ளிக்கூடங்களில் அடைத்துவைத்துக் கப்பலில் வடக்கே அனுப்பியதும் பத்திரிகை மூலம் தெரிந்திருக்கும். அந்த முகாமிலிருந்து நான் ஒரு கிளிப்போடு வெளியே வந்தேன், மகளோடு வரவில்லை. அது பத்திரிகையில் வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் உயிரோடு இருக்கிறாள். யாரும் கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம். வவுனியாவுக்கு அப்பால் காட்டோரத்தில் ஒரு கொட்டகையில், பதினோரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறாள். நான் ஒரு வருஷமாகக் கோபமாக இருக்கிறேன். யார் மேல் என்பதுதான் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

2

முகாம் என்றால் கூடாரம் என்று நினைப்பீர்கள். அது மாடிக் கட்டடம் வைத்த பள்ளிக்கூடம். எங்களுக்குக் கிடைத்த வகுப்பறையின் கரும்பலகையில் ஒரு கணக்குப் பாதியில் நின்றிருந்தது. ஒரு தொட்டிக்கு இரண்டு குழாய், இரண்டையும் ஒருசேரத் திறந்தால் எத்தனை நாழிகையில் நிரம்பும். எங்கள் அத்தனை பேருக்கும் முற்றத்தில் இருந்தது ஒரே குழாய். அந்தக் கணக்கை யாரும் அழிக்கவில்லை. அதற்கு அடியில் தலை வைத்துத் தூங்கினோம்.

முதல் மூன்று நாள் பெரியவர்கள் யாரும் ஒன்றும் செய்யவில்லை. நானும்தான். சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, விட்டுவந்த வீட்டைப் பற்றியும் கடையைப் பற்றியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். மதிலுக்கு வெளியே இரைச்சல் கேட்டால் பேச்சை நிறுத்துவோம். அடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். அரசாங்கம் வரும், யாராவது வருவார்கள் என்று வாசலையே பார்த்திருந்தோம்.

எழுந்தது இளசுகள்தான். என் மகள் பிலோமினாவுக்குப் பதினெட்டு வயது. தாய் செத்து ஒன்பது வருஷம் என் கையில் வளர்ந்தவள். அவளோடு தவமணி என்று ஒரு பெண், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கந்தோரில், அதாவது ஆபீசில், டைப் அடித்தவள். கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். இந்த நால்வரும் சாக்குக்கட்டியால் தரையில் கோடு கிழித்துக் குழாயடியில் வரிசை ஏற்படுத்தினார்கள். காய்ச்சல்காரர்களைச் சித்திர வகுப்புக்கு மாற்றினார்கள். மாப்பாலுக்கு எத்தனை டின் தண்ணீர் என்று தெரியாமல் தாய்மார்கள் கட்டிகட்டியாகக் காய்ச்சித் தீயவிட்டுக்கொண்டிருந்ததை நிறுத்தி, ஒரே அடுப்பில் தாங்களே காய்ச்சினார்கள். பிலோமி பிறந்தது கொழும்பில். வாசலில் நின்ற சிப்பாய்களோடு சிங்களத்தில் சிரித்துப் பேசி விறகு வாங்கி வந்தாள். அவள் சிங்களம் பேசும்போதும் எனக்குப் பயமாக இருந்தது. பேசாமல் இருக்கும்போதும் பயமாக இருந்தது.

உதவியும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. முதல் லாரியில் ஒரு மூட்டை முழுக்கக் கம்பளிச் சட்டை. கொழும்பு வெயிலில் கம்பளி. இன்னொரு மூட்டையில் துரைமார் கட்டுகிற கழுத்துப்பட்டிகள். வாங்குவதற்கு முன் விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும், மூன்று பிரதி. அதில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். ஒரு பெரியவர் எரிந்துபோன தன் வீட்டின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். அந்த வீடுதான் இப்போது இல்லையே என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் சேலையும், சாரம் என்கிற கைலியும் வந்தன. மூட்டை அவிழ்ந்ததும் அடிதடி. கை நீண்டவர்கள் அள்ளினார்கள். செல்லம்மா என்று ஒரு பச்சைப் பிள்ளைக்காரி, பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து மீண்டபோது அவள் கையில் இருந்தது ஒரு கழுத்துப்பட்டி. அதைக் குழந்தைக்கு அரைஞாணாகக் கட்டினாள். சிரித்துக்கொண்டேதான் கட்டினாள். பார்த்த எங்களுக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

3

அன்றைக்குப் பிற்பகல் பிலோமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அய்யா, உங்க ஊர்ல மீன எப்படிப் பிரிப்பாங்கன்னு சொல்லுவீங்களே. அத மறுபடி சொல்லுங்க."

உங்க ஊர். நாலு வயதில் ஒரே ஒரு தடவை தங்கச்சிமடம் வந்திருக்கிறாள், மணல் சுடுகிறதென்று அழுதாள். அவ்வளவுதான் அவளுக்கும் அந்த ஊருக்கும் உள்ள பழக்கம். மற்றதெல்லாம் என் வாய்.

உங்களில் கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரைவலை இழுத்து முடிந்ததும் விற்றது போக வீட்டுக்கு எடுக்கிற மீனை மணலில் கூறு கூறாக வைப்பார்கள். ஆளுக்கு ஒரு கூறு. எந்தக் கூறு யாருக்கு? ஆளுக்கு ஒரு குறி கொடுப்பார்கள். ஒருவன் கிளிஞ்சல், ஒருவன் ஓலைத்துண்டு, ஒருவன் பாதி குடித்த பீடி. எது யாருடையது என்று தெரியாத ஒருவனைக் கூப்பிட்டு, கூறுக்கு ஒரு குறியாகப் போடச் சொல்வார்கள். உன் குறி எதில் விழுந்ததோ அது உன் மீன். பேச்சுக் கிடையாது. கூறு வைத்தவன் மட்டும் குறி போடக் கூடாது. எல்லாரும் எடுத்தபின் மிஞ்சுகிற கடைசிக் கூறுதான் அவனுக்கு. எந்தக் கூறு தனக்கு மிஞ்சும் என்று தெரியாதவன் எல்லாக் கூறையும் சமமாகத்தான் வைப்பான்.

இந்தக் கதையை அவள் குழந்தையாக இருந்தபோது செபத்துக்குப் பதிலாகச் சொல்லித் தூங்கவைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்த்து மெருகேற்றியிருக்கிறேன். எழுதுகிறவன் வாயில் விழுந்த எதுவும் விழுந்தபடியே இருப்பதில்லை.

மறுநாள் துணி வந்தபோது மண்டபத்துத் தரையில் சாக்குக்கட்டியால் வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு கூறு துணி. வெறும் மாப்பால் டின்னை நீட்டிக்கொண்டு பிலோமி குடும்பம் குடும்பமாகப் போனாள். கொண்டை ஊசி, உடைந்த வளையல், புளியங்கொட்டை, சட்டைப் பித்தான். ஒரு பையன் அன்று காலையில் விழுந்த தன் பல்லைப் போட்டான். வேறு அறையிலிருந்து மூன்று வயதுக் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். அது வட்டத்துக்கு வட்டம் தத்தித் தத்திப் போய்க் குறிகளை வைத்தது. பல்லை மட்டும் தர மாட்டேன் என்று கையில் மூடிக்கொண்டது. கம்பளிச் சட்டைகள் வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் முகாமில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு கை மேலே எழவில்லை. ஒரு சேலை கிழியவில்லை.

"உங்கட ஊர் ஆக்கள் கெட்டிக்காரர்தான் ஐயா," என்றாள் தவமணி.

பிலோமிக்கு மிஞ்சியது சின்னப் பிள்ளை போடுகிற கம்பளிச் சட்டை ஒன்று. அதன் கைகளை இடுப்பில் முடிந்துகொண்டு மாப்பால் காய்ச்சப் போனாள். நான் அறை அறையாகப் போய், இது எங்கள் ஊர் வழக்கம், எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைக்குத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

4

ஒரு மத்தியானம் அதிகாரி வந்தார். நாளைக் காலையில் வடக்கே கப்பல். இந்த முகாமுக்குக் கிடைத்திருக்கிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்தான் போகலாம். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினார். அன்று முழுக்க மதிலுக்கு வெளியே சத்தம் கூடிக்கொண்டிருந்தது. வாசல் சிப்பாய்கள் இரண்டு பேர் நான்கு பேராகியிருந்தார்கள். அது எங்களுக்குத் தைரியம் தந்திருக்க வேண்டும். தரவில்லை.

அதிகாரியின் காதருகே சில பெரிய மனிதர்கள் குனியத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து நால்வரும் மண்டபத்தில் மூன்று வட்டம் போட்டுவிட்டார்கள். முதல் கப்பல், இரண்டாம் கப்பல், மூன்றாம் கப்பல். குடும்பத்துக்கு ஒரு குறி. அதிகாரிக்குத் தலைவலி விட்டது, சரி என்றுவிட்டார். பிறகு பிலோமி எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள், நாங்கள் நாலு பேரும் குறி போட மாட்டோம், கடைசிக் கப்பலில் வருவோம் என்று.

நான் அவளை வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். நாம் இரண்டு பேரும் ஒரே குடும்பம், ஒரே குறி, என் குறி எங்கே விழுகிறதோ அங்கே நீயும் வருகிறாய் என்றேன்.

"கூறு வைக்கிறவளுக்குக் குறி கிடையாது அய்யா. நீங்கதான் சொன்னீங்க."

"அது மீனு."

"ஓம். இது மனுசர். இன்னும் நேர்மையா இருக்க வேண்டாமா?"

அந்த 'ஓம்' எனக்கு எரிந்தது. ஆமாம் என்று சொல்லி வளர்த்த பிள்ளை ஒரே வாரத்தில் தவமணியின் வாயை எடுத்துக்கொண்டுவிட்டது. விஷயம் அதுவல்ல என்று தெரியும். ஆனாலும் பிடித்துக்கொள்ள அந்த நேரத்தில் எனக்கு அதுதான் கிடைத்தது. நீ என்ன யாழ்ப்பாணத்தாளா என்று கத்தினேன். அவள் வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கழுவும்போது கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்த தலைக்கிளிப் அங்கேயே கிடந்தது.

எடுத்தேன். பிழை திருத்திப் பிழைக்கிறவன், இருபது வருஷமாகப் பிறர் பிழைக்கு ஓரத்தில் கோடு போட்டவன், எடுத்தேன். டின் என்னிடம் வந்தபோது என் சட்டைப் பித்தானோடு அதையும் உள்ளே போட்டேன். டின்னை நீட்டிய பிலோமி அப்போது வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே குழந்தைதான் வந்தது. பித்தான் முதல் வட்டத்தில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கிளிப்பும் முதல் வட்டத்தில் விழுந்தது. ஆண்டவரே என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நொடி என் மனதில் தங்கச்சிமடத்துக் கடலே தெரிந்தது. கப்பலில் வடக்கே, அங்கிருந்து தலைமன்னார், எப்படியாவது அவளையும் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடி.

பிலோமி குனிந்து வட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இது யாரும் போட்ட குறி இல்ல. தவறி விழுந்திருக்கு."

எல்லாருக்கும் தெரியும் அது யாருடையது என்று. காலையிலிருந்து அவள் தலையில் பார்த்ததுதானே. கிளிப்பை எடுத்து வட்டத்துக்கு வெளியே, என் காலடியில் வைத்தாள். காலியான இடத்துக்கு மூன்றாம் வட்டத்திலிருந்து ஒரு குறியை எடுத்துத் தரச் சொன்னாள் குழந்தையிடம். அது கொண்டுவந்தது ஒரு புளியங்கொட்டை. செல்லம்மாவுடையது. செல்லம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

நாற்பத்தேழு வயது ஆள், அத்தனை பேர் பார்த்திருக்கக் குனிந்து அந்தக் கிளிப்பைப் பொறுக்கினேன்.

5

தங்கச்சிமடத்தில் என் அண்ணன் சூசை வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். முதல் கப்பலில் தனியாக வடக்கே போனேன், கடவுச்சீட்டு இருந்ததால் அங்கிருந்து கடல் கடக்க என்னை விட்டார்கள். ஊர் என்னை அகதியாக வரவேற்றது. பெண்கள் பழைய சட்டை கொண்டுவந்து தந்தார்கள். ஒரு சட்டைக்குள் என் சின்ன வயதுக் கூட்டாளியின் பெயர் நூலால் தைத்திருந்தது. பேசிக்கொண்டிருந்தேன் என்பதற்குப் பதிலாக, கதைத்துக்கொண்டிருந்தேன் என்று வாய் தவறிச் சொன்னேன். அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, பேச்சு மாறிப்போச்சு, நடை மாறிப்போச்சு. கோவம் மட்டும் இங்கன இருந்து கொண்டுபோனதா, ஏலே?"

ஊர் இளவட்டங்கள் எனக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பாம்பனிலிருந்து இராமேஸ்வரம் வரை வீடு வீடாகப் போய் அரிசி, கருப்பட்டி, பழைய வேட்டி சேலை என்று மூன்று சாக்கு சேர்த்திருந்தார்கள். சாக்குகள் தனுஷ்கோடிச் சுங்கக் கொட்டகையில் கிடந்தன. பெறுபவர் பெயர் என்ற இடத்தில் 'பாதிக்கப்பட்ட தமிழ் மக்கள்' என்று எழுதியிருந்தார்களாம். அப்படி ஓர் ஆளுக்கு அனுப்ப முடியாது, ஒரு பெயர் வேண்டும் என்றார்களாம். வாரத்துக்கு இரண்டு முறை அவர்களோடு ரயிலேறி நானும் போய் நின்றேன். ஒரு நாள் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. ஒரு நாள் அவர் இருந்தார், முத்திரை இல்லை. கொட்டகைக்கு வெளியே கடல் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கருப்பட்டியை எறும்பு எடுத்துக்கொண்டிருந்தது. அக்கரையில் உள்ளவர்களில் இந்தப் பையன்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். கடைசியில் அதை எழுதினார்கள். பிலோமினா.

அவள் அப்போது மூன்றாம் கப்பலில் வடக்கே போய் இறங்கியிருந்தாள். தந்தி வந்தது. நலம், பிள்ளைகளோடு இருக்கிறேன், இப்போது வர இயலாது. எந்தப் பிள்ளைகள், எதற்கு இயலாது, ஒன்றும் இல்லை. தந்தியில் சொல்லுக்குக் கணக்குப் பார்ப்பார்கள், அவளுமா பார்க்க வேண்டும்?

அன்றைக்கு மாலை அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அதுவரை யாரிடமும் சொல்லாத கிளிப் கதையை அவரிடம் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

"கூறு வைக்கிறவனுக்குக் கடைசிக் கூறுன்னு எவன்லே அந்தப் பிள்ளைக்குச் சொன்னது?"

"நாந்தான்."

"முழுசாச் சொன்னியா?"

நான் வலைக் கண்ணி ஒன்றில் விரலை விட்டு எடுத்தேன்.

"கடைசிக் கூறு சிறுத்துப்போச்சுன்னா, ஆளுக்கொரு மீன அதுல தூக்கிப் போட்டுட்டுத்தானலே கரை ஏறுவோம். அத விட்டுட்டுச் சொன்னா அது கூறா? தண்டனை. இன்னொண்ணு கேளு. வள்ளம் கவுந்தா எவனாச்சும் குறி போட்டுக்கிட்டு நிப்பானா? மீனுக்கு உள்ளத மனுசனுக்கு வச்சிருக்கீக, அப்பனும் மகளும்."

எனக்குத் தெரியாததில்லை. சின்ன வயதில் என் கையாலேயே ஒரு காரல் மீனை, ஒரு சாளையை அந்தக் கடைசிக் கூறில் எறிந்திருக்கிறேன். மகளுக்குச் சொல்லும்போது அதை வெட்டிவிட்டேன். மிஞ்சியதை வாய் பேசாமல் எடுத்துக்கொண்டு போகிற மனிதன் கதைக்கு அழகாக இருந்தான். அவன் கூடையில் நாலு பேர் மீனை எறிந்தால் அந்த அழகு குறைந்தது. அச்சில் வரி மிஞ்சினால் வெட்டுகிற கை, ஊரின் நல்ல பாதியை வெட்டிவிட்டது.

கோபம் அன்றிலிருந்து என் பக்கம் திரும்பியது. ஆனால் அது தங்கவில்லை. நம் மேலேயே உள்ள கோபத்தை ஒரு வாரத்துக்கு மேல் யாரால் சுமக்க முடியும்?

6

அச்சுக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள், திரும்பினேன். தலைமன்னாரிலிருந்து வரும் ரயில் மதவாச்சியில் நிற்கும். அங்கே இறங்கி வடக்கே போகிற வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவள் இருக்கிற பக்கம். ரயில் நின்றது. நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒரு பிளேன் டீ வாங்கிக் குடித்தேன். ரயில் புறப்பட்டது. வீம்பு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

கொழும்பில் அவளுடைய பத்திரத்துக்காக இரண்டு அலுவலகத்துக்கு நடக்கிறேன். இந்திய அலுவலகத்தில், இங்கே பிறந்தவளுக்கு நாங்கள் எப்படிக் கடவுச்சீட்டுத் தருவது என்கிறார்கள். இலங்கை அலுவலகத்தில், இந்தியனுக்குப் பிறந்தவளை நாங்கள் எப்படி எங்கள் ஆளாக எழுதுவது என்கிறார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். நாற்காலி கூடப் போடுகிறார்கள். போன வாரம் ஒரு குமாஸ்தா, மகளை நேரில் கூட்டி வாருங்கள் என்றார். அவளைக் கூட்டிவர முடிந்தால் உன்னிடம் எதற்கையா வருகிறேன் என்று கேட்க வாயெடுத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் மட்டும் பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் தவறாமல் எழுதுகிறாள். சாக்குகள் மூன்றில் ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது. கருப்பட்டி உருகி வேட்டிகளோடு ஒட்டிப்போயிருந்ததாம். வேட்டியைத் துண்டு துண்டாக வெட்டி வெந்நீரில் போட்டுப் பாகு எடுத்தோம், பிள்ளைகள் துணியையும் சப்பினார்கள், தங்கச்சிமடத்துப் பையன்களிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். சொன்னேன். அடுத்த முறை கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் கட்டி அனுப்புவதாக அவர்கள் எழுதினார்கள். பெறுபவர் பெயருக்கு இனிப் பஞ்சமில்லை என்றும்.

பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் எழுதுவாள். பெற்றோர் எங்கே என்று தெரியாதவர்கள் சிலர், தெரிந்தும் போக வீடு இல்லாதவர்கள் சிலர். ஒருவன் குளிக்கப் போனாலும் சிலேட்டையும் மாற்றுச் சட்டையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போகிறானாம். எப்போது ஓடச் சொல்வார்கள் என்று தெரியாதே அக்கா என்கிறானாம்.

போன மாதக் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "குறி போடாமல் இவர்கள் ஒரு மாம்பழத்தைக் கூட வெட்ட விடுவதில்லை. கடைசிக் கூறு எப்போதும் எனக்கு. ஆனால் அய்யா, கொஞ்ச நாளாகப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு துண்டை என் இலையில் போட்டுவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்குகிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. உங்கள் ஊரில் இப்படி உண்டா?"

இந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. நாலு முறை தொடங்கினேன். உண்டு என்ற ஒரு சொல்லுக்கு மேல் கை நகரவில்லை. யாரும் சொல்லித்தராமல், தட்டில் ஒன்றும் இல்லாத பதினோரு பேர் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தெரிந்த நான் மறைத்தேன். தெரிந்த நான் என் மீனையும் எறியாமல் கரை ஏறினேன்.

அடிப்பிடித்த மாப்பாலைக் கொட்டிவிட்டுப் பியசேனா வேறு காய்ச்சினார். குடித்துவிட்டு முதலாளியிடம் போய் ஒரு வாரம் லீவு கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவைகூட லீவு கேட்காதவன் கேட்கிறான் என்று உடனே தந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் பியசேனா ஒரு பெரிய மாப்பால் டின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். காய்ச்சத் தெரிந்தவளிடம் கொடு என்றார்.

கோபம் தீர்ந்து போகவில்லை. தப்பாக நினைத்துவிடாதீர்கள். சண்டை போடத்தான் போகிறேன். சண்டையாவது நேரில் போடலாம் அல்லவா.

7

அந்தக் காலையை எழுதாமல் இதை முடிக்க முடியாது.

முகாம் முற்றத்தில் கப்பலுக்குக் கொண்டுபோகிற லாரி நின்றது. செல்லம்மா பிள்ளையோடு ஏறிவிட்டாள். என் இடத்தில் நீ போ, நான் இருந்துகொள்கிறேன் என்று காலையிலிருந்து மூன்று தடவை பிலோமியிடம் சொல்லியிருந்தேன். பித்தான் உங்களுடையது என்று மூன்று தடவையும் ஒரே பதில். பிறகு நான் செய்தது இதுதான். பிள்ளைகள் தெருவில் அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டால், 'சரி, நீ இரு, நான் போறேன்' என்று நாலு எட்டு நடப்போமே, பிள்ளை அழுதுகொண்டே ஓடி வருமே. நாலு வயதில் தங்கச்சிமடத்து மணலில் அவளை அப்படித்தான் ஓடிவரச் செய்தேன். அதையே செய்தேன். ஒரு வார்த்தை பேசாமல் லாரியில் ஏறி உட்கார்ந்தேன். வருவாள் என்று முழுக்க நம்பினேன்.

என்ஜின் உறுமியது. அவள் மாப்பால் அடுப்படியிலிருந்து எழுந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஓடித்தான் வந்தாள். நான் நகர்ந்து இடம்கூட விட்டேன்.

லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடி கலைந்து கண்ணில் விழுந்துகொண்டிருந்தது, புறங்கையால் ஒதுக்கினாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"கிளிப்பத் தாங்க அய்யா. முடி கண்ணுல விழுது, வேல செய்ய முடியல."

என் கை மூடியே இருந்தது. திறந்திருக்கலாம். அதை அவள் தலையில் நானே குத்திவிட்டுப் போயிருக்கலாம். வீம்பா, கிளிப் இல்லாமலாவது ஏறிவிடுவாள் என்ற பைத்தியக்கார எண்ணமா, தெரியவில்லை. லாரி நகர்ந்தது. இரண்டு எட்டு கூடவே நடந்தாள். என் மூடிய கையைப் பார்த்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"சரி, வச்சுக்கோங்க. அடுத்த தடவ கூறு போடுறப்ப அதுதான் என் குறி. தொலச்சிராதீங்க."